தேதி, நேரம், காற்று: பூதேன் வரைந்த வானங்கள்

"8 அக்டோபர், நண்பகல், வடமேற்குக் காற்று."

1859-இல் பிரெஞ்சுக் கவிஞர் போதலேர், நார்மண்டிக் கடற்கரையில் ஓன்ஃப்ளர் என்ற துறைமுக ஊரில் ஓவியர் யூஜேன் பூதேனின் பாஸ்டல் படங்களை, அதாவது வண்ணத்தூள் குச்சியால் வரைந்த படங்களை, பார்த்தார். நூற்றுக்கணக்கில் இருந்தன. எல்லாம் வானமும் கடலும்தான். ஒவ்வொன்றின் ஓரத்திலும் இதுபோல ஒரு குறிப்பு. அந்த எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு படத்தை மட்டும் பார்த்தாலும் பருவம், பொழுது, காற்று மூன்றையும் சொல்லிவிடலாம் என்று அவர் எழுதினார்.

கவிஞர் ஏதோ பாராட்டிவிட்டுப் போனார் என்று இதைக் கடந்துவிட முடியாது. அந்தக் கரையில் இது உண்மையிலேயே நடக்கக்கூடியது. வடமேற்கிலிருந்து வீசும் காற்று பெரும்பாலும் ஒரு மழை கடந்துபோன பின் வருவது. தூசி கழுவப்பட்ட குளிர்ந்த காற்று. மேகங்கள் தனித்தனித் திரளாக, வெட்டி எடுத்த விளிம்போடு நிற்கும், அவற்றின் நிழல் கடல்மேல் திட்டுத்திட்டாக ஓடும். தென்மேற்கிலிருந்து வந்தால் ஈரமும் வெதுவெதுப்பும் கூடவே வரும். முதலில் வானம் பாலாடை படிந்ததுபோல் மங்கும், சூரியன் தேய்த்த கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுபோல் தெரியும், சில மணி நேரத்தில் மழை. கிழக்கிலிருந்து வருவது தரைக்காற்று, உலர்ந்தது. அப்போது அடிவானத்தில் புகைபோல ஒரு மங்கல் நிற்கும். பொழுதும் அப்படித்தான். அந்த ஊரில் அக்டோபர் 8-ஆம் தேதி நண்பகலில்கூடச் சூரியன் ஏறத்தாழ 35 பாகைக்கு மேல் ஏறாது. ஜூன் கடைசியில் 64 பாகை வரை போகும். ஆகவே அக்டோபர் மேகத்துக்கு வெளிச்சம் பக்கவாட்டில் விழும். ஒரு கன்னம் வெளுத்திருக்கும், மறு கன்னம் நிழலில் இருக்கும். ஜூன் நண்பகல் மேகத்துக்கு உச்சி மட்டும் வெளுக்கும், அடிவயிறு முழுவதும் சாம்பல். இதை ஒழுங்காக வரைந்தவனுக்குத் தேதி எழுதவே தேவையில்லை. பூதேன் எழுதினார்.

ஏன் எழுதினார் என்பதற்கு என் பதில்: அவர் கடலோடியின் மகன். கப்பலில் எழுதும் நாட்குறிப்பில் முதலில் வரும் மூன்று செய்திகள் தேதி, நேரம், காற்றின் திசை. 1824 ஜூலை 12 அன்று ஓன்ஃப்ளரில் பிறந்த பூதேன், சிறுவனாகவே அப்பா வேலைபார்த்த படகில் ஏறி வேலை செய்தவர். வானத்தைப் பார்த்து அடுத்த சில மணி நேரத்தைக் கணிப்பது அந்தக் குடும்பத்துக்குச் சோற்றுப் பிரச்சினை. அந்தப் பார்வை அப்படியே ஓவியத்துக்கு வந்து சேர்ந்தது.

1835-இல் குடும்பம் சேன் நதியின் கழிமுகத்தைக் கடந்து எதிர்க்கரை லெ ஆவ்ருக்குப் போனது. 1844-இல், இருபது வயதில், ஒரு கூட்டாளியோடு அங்கே எழுதுபொருளும் படச்சட்டமும் விற்கும் கடை வைத்தார். கோடையில் கடற்கரைக்கு வந்த ஓவியர்கள் சட்டம் போட வந்தார்கள், தங்கள் படங்களைக் கடையில் காட்சிக்கு வைத்தார்கள். த்ருவாயோன், இசபே, மில்லே எல்லாரும் அப்படி வந்தவர்கள். இரண்டே ஆண்டில் கடையை விட்டு விலகித் தூரிகையைப் பிடித்தார். 1851-இல் லெ ஆவ்ர் நகராட்சி அவருக்கு ஆண்டுக்கு 1,200 ஃபிராங்க் என மூன்று ஆண்டுக்கு உதவித்தொகை கொடுத்துப் பாரிஸுக்கு அனுப்பியது. திரும்பி வரும்போது அவர் கையில் இருந்தது அதே கழிமுகம், அதே மேகம்.

ஓன்ஃப்ளருக்கு மேற்கே, துரூவில் என்ற கடற்கரை ஊருக்குப் போகும் சாலையில், கடலைப் பார்த்த சரிவில் சேன்-சிமெயோன் என்ற பண்ணைவீடு இருந்தது. நடத்தியவர்கள் தூத்தேன் குடும்பம். ஓவியர்கள் வாயில் அது தூத்தேன் அம்மாவின் வீடு. ஆப்பிள் மரத்தடியில் மேசை, சைடர் என்கிற ஆப்பிள் மது, மீன், குறைந்த வாடகை. சங்கம், விதி, தலைவர் என்று ஒன்றும் கிடையாது. ஆனாலும் பூதேன், யோங்கிண்ட், கூர்பே, தோபிஞி, மோனே என்று வரிசையாக அங்கே வந்தார்கள். 1864-இல் மோனேயோடு வந்த பசீல், ஊருக்குள் ஒரு ரொட்டிக்கடைக்காரர் வீட்டில் அறை எடுத்துக்கொண்டு சாப்பாட்டுக்கும் வேலைக்கும் பண்ணைக்கு ஏறிப் போவதாக வீட்டுக்கு எழுதினார். ஓவியர் குடியிருப்பு என்றால் நடைமுறையில் இவ்வளவுதான்: மலிவான சோறு, நடந்துபோகும் தூரத்தில் வரைபொருள், பக்கத்து மேசையில் அதே சிக்கலோடு மல்லாடும் இன்னொருவர். சேன்-சிமெயோனுக்குக் கூடுதலாக ஒன்று இருந்தது. அந்தச் சரிவில் நின்றால் கழிமுகம் முழுவதும் கண்ணுக்குக் கீழே விரியும், வானத்தை மறைக்க எதுவும் இல்லை.

இனி வேலைக்கு வருவோம். பூதேனைப் புரிந்துகொள்ள ஒரே வழி, அவருக்கு எவ்வளவு நேரம் கிடைத்தது என்று கணக்குப் போடுவதுதான். நல்ல நாளில் எழும் ஒரு சின்னத் திரள்மேகம் உருவாகிக் கலைய இருபது நிமிடம் ஆகலாம், சில சமயம் அதுவும் இல்லை. பாஸ்டலில் அவர் வானங்கள் பெரும்பாலும் ஒரு சாண் அகலமே இருப்பதற்குக் காரணம் இந்த இருபது நிமிடம். காகிதத்தின் அளவு, நிறம், எதை முதலில் போடுவது, எதைக் கடைசியில் போடுவது, எல்லாவற்றையும் தீர்மானித்தது அதுதான்.

சாம்பலோ நீலச்சாம்பலோ கலந்த, சற்றுச் சொரசொரப்பான காகிதம் வேண்டும். காகிதத்தின் நிறமே மேகத்தின் நடுத்தொனி ஆகிவிடுவதால் பாதி வேலை தொடங்குமுன்பே முடிந்துவிடுகிறது. வெள்ளைக் காகிதத்தில் தொடங்குபவர் முதல் பத்து நிமிடத்தை அந்த வெள்ளையை மூடவே செலவழிப்பார், அதற்குள் மேகம் போய்விடும். அடிவானக் கோடு கீழிருந்து ஐந்தில் ஒரு பங்கில். முதலில் மேகத்தின் நிழல்பக்கம், குச்சியைப் படுக்கவைத்து இழுத்து. பிறகு மேகங்களுக்கு இடையே தெரியும் நீலம். வெளிச்சம் கடைசியில்தான். வெள்ளையை நேரடியாக எடுக்காமல், லேசாக மஞ்சள் கலந்த வெள்ளையை ஒரே அழுத்தில் வைத்துவிட்டு விட்டுவிட வேண்டும். விரலால் தேய்ப்பது விளிம்பு மங்கும் இடத்தில் மட்டும். பலர் கெடுப்பது இங்கேதான். தேய்க்கத் தேய்க்கக் காகிதத்தின் சொரசொரப்பு தூளால் அடைபட்டுப்போகும். அதன்பின் எந்த நிறம் வைத்தாலும் வழுக்கிக்கொண்டு போகும், பிடிக்காது.

முடித்த பாஸ்டலைக் காப்பதும் தனி வேலை. தூள் உதிராமல் இருக்க மேலே தெளிக்கும் அரக்குக் கரைசல் வெள்ளையைத்தான் முதலில் தின்னும். தூளுக்கு இடையே இருந்த காற்று போய்த் திரவம் நிறைந்தால் வெள்ளை கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும், மேகத்தின் ஒளி ஒரு படி இறங்கிவிடும். அதனால் வானத்தை வரைபவர்கள் தெளிப்பானைத் தொடாமல், வழவழப்பான தாளை இடையில் வைத்து அடுக்குவதே மேல். சட்டமிடும்போது கண்ணாடி படத்தைத் தொடாதபடி இடைவெளி வேண்டும். பிளாஸ்டிக் கண்ணாடி கூடவே கூடாது, அதில் ஏறும் நிலைமின்சாரம் தூளை இழுத்துக்கொள்ளும். கடலோர ஈரத்தில் பாஸ்டலின் பசை பூஞ்சைக்கு உணவு. உப்புக்காற்று வீசும் ஊரில் வெளிச்சுவரில் மாட்டுவது சரியில்லை.

எண்ணெய் வண்ணத்துக்கும் கணக்கு அதேதான். 1841-இல் தகரக்குழாயில் அடைத்த வண்ணம் வந்த பிறகுதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மணலில் நடப்பது எளிதானது. பிரெஞ்சு வண்ணக் கடைகளில் கித்தான் எண் போட்டு விற்கப்படும். ஒவ்வொரு எண்ணிலும் மூன்று வடிவம். எண் 15 என்றால் மனித உருவத்துக்கு 65 × 54 செ.மீ., நிலக்காட்சிக்கு 65 × 50, கடலுக்கு 65 × 46. கடல் வடிவம் என்றே ஒன்று இருந்தது, அதுதான் மூன்றிலும் படுத்தது. பூதேனின் துரூவில் கடற்கரைக் காட்சிகளில் பல அதைவிடவும் நீளமானவை. 1863-இல் பேரரசி யூஜெனி கடற்கரையில் நடப்பதைக் காட்டும் மரப்பலகை, இப்போது கிளாஸ்கோவில் பரெல் தொகுப்பில் இருப்பது, ஏறத்தாழ 34 × 58 செ.மீ.

பலகையில் இதைச் செய்துபார்க்க நினைப்பவர்கள் எண் 4, அதாவது 33 × 24 செ.மீ. எடுத்துக்கொள்ளலாம். தச்சர்கள் வச்சிரம் என்று சொல்லும் விலங்குப் பசையை ஒரு பங்குக்குப் பன்னிரண்டு பங்கு தண்ணீர் என்று ஊறவைத்து, கொதிக்கவிடாமல் வெதுவெதுப்பாகக் கரைத்து இரண்டு பக்கமும் பூச வேண்டும். முன்பக்கம் மட்டும் பூசினால் ஒரு வாரத்தில் பலகை வளையும். அதன்மேல் வெளிர்சாம்பல் அடிப்பூச்சு, நன்றாகக் காய்ந்த பிறகே வேலை. பூதேனின் பலகைகளில் இந்த அடிநிறம் பல இடங்களில் மூடப்படாமலேயே தெரிவதைக் கவனியுங்கள். மணலில் ஒரு பகுதி, மேகத்தின் நிழலில் ஒரு பகுதி, ஏதோ ஒரு நாற்காலியின் கால்களுக்கு நடுவே. நேரமில்லாதவனுக்கு அது கிடைத்த வரம்.

வானத்தை மேலிருந்து கீழே கொண்டுவர வேண்டும். உச்சியில் கோபால்ட் நீலம், இறங்க இறங்க வெள்ளை கூடி, அடிவானத்தை நெருங்கும்போது காவிமஞ்சளின் சாயல். அடிவானம் வரை ஒரே நீலத்தை இழுப்பதுதான் புதியவர் செய்யும் முதல் தவறு. அப்படிச் செய்தால் வானம் சுவராகிவிடும். அடுத்த தவறு மேகங்களின் அளவு. தலைக்கு மேலே இருப்பது பெரிது. தொலைவில் போகப் போகச் சிறுத்து, அடிப்பாகங்கள் ஒன்றோடொன்று நெருங்கி, கடைசியில் கோடுகளாகிவிடும். மேகத்தின் அடி தட்டையானது என்பதை மறந்தால் பஞ்சுமூட்டைதான் மிஞ்சும். மேகத்தை ஈரநீலத்தின்மேல் வைக்கும்போது தூரிகையில் அடியில் இருப்பதைவிட அதிக வண்ணம் இருக்க வேண்டும், ஒரே தொடலில் வைத்துவிட்டுக் கையை எடுக்க வேண்டும். இரண்டாவது முறை அதே இடத்தில் தேய்த்தால் நீலம் மேலே வந்து மேகம் அழுக்காகும். அந்தக் காலத்து வெள்ளை ஈயவெள்ளை, அது நஞ்சு. இன்று டைட்டானியம் வெள்ளை கிடைக்கிறது. ஆனால் அதன் மூடும் வலு அதிகம், பழைய கணக்கில் போட்டால் வானம் சுண்ணாம்படித்ததுபோல் ஆகிவிடும், பாதியளவு போதும்.

கடலும் நீலம் இல்லை. சேன் நதி வண்டலைக் கொண்டுவந்து கொட்டும் கழிமுகம் அது. பச்சையும் பழுப்பும் கலந்த கலங்கல். பூதேனின் கடல் பெரும்பாலும் வானத்தின் சாம்பலில் சிறிது பச்சையைக் கலந்ததுதான். இரண்டும் ஒரே கலவையிலிருந்து பிறந்ததால்தான் படம் ஒட்டி நிற்கிறது.

மேகத்துக்கு இருபது நிமிடம் என்றால் படகுக்கு ஓதம். அங்கே கடல் ஏறி இறங்கும் உயரம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏறத்தாழ 7 மீட்டர். காலையில் துறைச்சுவரின் விளிம்பில் ஆடிக்கொண்டிருந்த படகு பிற்பகலில் சேற்றில் ஒருக்களித்துக் கிடக்கும். பாய்மரம் சாய்ந்த கோணம், கயிறுகளின் தொய்வு, நீரில் தெரிந்த நிழல் எல்லாம் மாறிவிடும். மறுநாள் அதே நேரத்துக்கு வந்தால் அதே நீர்மட்டம் இருக்காது, சுமார் 50 நிமிடம் தள்ளிப்போயிருக்கும். ஒருநாள் விட்ட படத்தைத் தொடர ஓத அட்டவணையைப் பார்த்துத்தான் கிளம்ப வேண்டும். லெ ஆவ்ர் பக்கம் ஒரு சலுகை உண்டு. ஏறிய நீர் உச்சத்தில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அப்படியே நிற்கும். மிதக்கும் கப்பலை வரைய அதுதான் வேளை. பூதேன் படங்களில் வற்றுநீர் என்ற தலைப்பு திரும்பத் திரும்ப வருகிறது. ஒருக்களித்த படகை அவர் வரைந்தால் எந்தப் பக்கம் எடை இருக்கிறது என்று தெரியும். பாய்மரக் கயிறு எதுவும் எங்கும் கட்டாமல் தொங்குவதில்லை.

கடற்கரையில் வரைவதன் இடைஞ்சல்களில் முதலாவது காற்று, இரண்டாவது மணல். படம் வைக்கும் தாங்கியின் நடுவில் கல் நிரப்பிய பையைத் தொங்கவிட வேண்டும். குடை வெள்ளையாகவோ சாம்பலாகவோ இருக்கட்டும், நிறக்குடையின் கீழ் கலந்த எல்லாவற்றிலும் அந்த நிறம் ஏறியிருக்கும். மணலைத் தடுக்க வழியில்லை. 1870 கோடையில் மோனே துரூவிலில் வரைந்த, இப்போது லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கும் சிறிய கடற்கரைப் படத்தில் மணல்துகள்கள் வண்ணத்துக்குள்ளேயே உறைந்து கிடக்கின்றன. அந்தக் கோடையில் பூதேனும் மனைவியோடு அங்கே இருந்தார். படத்தில் வலப்பக்கம் கருப்பு உடையில் இருக்கும் பெண் பூதேனின் மனைவியாக இருக்கலாம் என்று பலரும் கருதுகிறார்கள்.

துரூவிலுக்குப் பாரிஸிலிருந்து ரயில் வந்தது 1863-இல். பூதேன் கடற்கரையில் கூடிய நாகரிகக் கூட்டத்தை வரையத் தொடங்கியது ஏறத்தாழ அதே சமயம். ஒரு தப்பெண்ணத்தை இங்கே களைய வேண்டும். இந்தக் காட்சிகள் முழுக்க மணலில் நின்று முடிக்கப்பட்டவை அல்ல. கோடையில் குறிப்பேட்டில் பென்சிலும் நீர்வண்ணமுமாகக் கூட்டங்களைப் பிடித்துவைப்பார். குளிர்காலத்தில் பாரிஸ் பணியறையில் அவற்றைப் பலகையில் சேர்ப்பார். முகம் கிடையாது. கவிழ்த்த கிண்ணம்போல் ஒரு பாவாடை, மேலே ஒரு கருப்புத் தொடல், ஒரு சிவப்புச் சால்வை, நாற்காலியின் இரண்டு கோடு, ஒருவருக்கு ஐந்தாறு தொடல் தாண்டாது. ஆனால் எல்லார் உடையும் காற்று வரும் பக்கத்துக்கு எதிராகவே சாய்கிறது, மேகமும் அதே பக்கம் நகர்கிறது, தூரத்துப் புகைபோக்கியின் புகையும்.

இந்தப் படங்களைப் பற்றி அவருக்கே மனம் ஒருநிலையில் இல்லை. 1867-இல், பிரான்சின் மேற்குக் கோடியான பிரிட்டனியில் ஏழை மக்களோடு இருந்துவிட்டுத் திரும்பியதும், முன்பு தனக்கு இன்பமாக இருந்த துரூவில் கடற்கரை இப்போது அருவருப்பான வேடக்கூத்தாகத் தெரிகிறது என்று நண்பருக்கு எழுதினார். அடுத்த ஆண்டே அதே நண்பருக்கு வேறு கடிதம்: விவசாயிகளுக்கு அவர்களை வரைய ஓவியர்கள் இருக்கிறார்கள், மாலை வெயிலை நோக்கி நடக்கும் இந்த நடுத்தர மனிதர்களுக்கும் கித்தானில் இடம்பெற உரிமை இல்லையா என்று. அவர் 1863-இல் மணந்த மேரி-ஆன் பிரிட்டனிக்காரர். கடுமையாக உழைக்கும் அந்தக் கரையைப் பூதேன் நன்றாக அறிவார். இரண்டு கடிதங்களும் மெய்யென்றே நான் படிக்கிறேன். பின்னாளில் கூட்டம் குறைந்தது, படகுகளும் துணிவெளுக்கும் பெண்களும் கூடினார்கள்.

அவருடைய உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. பாரிஸ் சலோன் கண்காட்சியில் கவனிக்கப்பட வேண்டுமானால் படம் பெரிதாக இருக்க வேண்டும். 1859-இல் அங்கே முதன்முதலாக ஏற்கப்பட்ட அவருடைய படம், பிரிட்டனியின் சேன்த்-ஆன்-லா-பாலூ திருவிழா, ஒரு மீட்டருக்கு மேல் அகலம். லெ ஆவ்ர் அருங்காட்சியகம் அதை வாங்கியது. மணிக்கட்டின் ஓர் அசைவில் உண்டான மேகவிளிம்பு பெரிய கித்தானில் தோளிலிருந்து வரைய வேண்டிய கோடாகிவிடும். இருபது நிமிடத்தில் முடிந்த வானம் இருபது நாள் இழுக்கும். இடத்திலேயே வரைந்ததில் உள்ள உயிர் பணியறையில் திரும்பக் கிடைப்பதில்லை என்று அவரே குறிப்பேட்டில் எழுதிவைத்தார். இயற்கையின் முன் வைத்த மூன்று தொடல் தாங்கிமுன் இரண்டு நாள் உழைப்பைவிட மேல் என்பது அவர் கணக்கு.

அதைத்தான் மோனேக்கும் சொல்லிக்கொடுத்தார். லெ ஆவ்ரில் கேலிச்சித்திரம் விற்றுக்கொண்டிருந்த பதின்வயதுப் பையனை 1858-இல் ஊருக்கு வெளியே ரூவெலுக்கு அழைத்துப்போய்ப் பக்கத்தில் நிறுத்தி வரையவைத்தார். தான் ஓவியன் ஆனது பூதேனால்தான் என்று மோனே வயதான பிறகும் சொன்னார். ஓவியர் கொரோ பூதேனை வானங்களின் அரசன் என்றார். 1874-இல் மோனேயின் குழு, பின்னாளில் இம்ப்ரெஷனிஸ்டுகள் எனப்பட்டவர்கள், நடத்திய முதல் கண்காட்சியில் பூதேனின் பாஸ்டல்களும் இடம்பெற்றன. 1881 முதல் ஓவிய வணிகர் துரான்-ருயேல் அவர் படங்களை வாங்கத் தொடங்கினார். துரூவிலை அடுத்த தோவில் என்ற ஊரில் பூதேன் சொந்த வீடு கட்டினார். 1889-இல் மனைவி இறந்தார். பிறகு உடல்நலத்துக்காகத் தெற்கேயும் வெனிஸுக்கும் போனார். 1898 ஆகஸ்ட் 8 அன்று தோவிலில், கடலுக்கருகே, இறந்தார்.

போதலேர் அந்தப் பாஸ்டல்களைப் புகழ்ந்தபோதே ஒன்றையும் சேர்த்துச் சொல்லியிருந்தார்: இவை குறிப்புகள், ஓவியங்கள் ஆவது இனிமேல்தான், பூதேனுக்கும் அது தெரியும். 1900-இல் தம்பி லூயி, அண்ணனின் பணியறையில் மிஞ்சியிருந்தவற்றில் 240 முன்வரைவுகளை லெ ஆவ்ர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். பலகையின் கால்வாசியில் மட்டும் வண்ணம் போட்ட மாடுகள், பாய் இல்லாத படகுகள், வெறும் மேகங்கள். இப்போது அந்த அருங்காட்சியகம் துறைமுக வாயிலில், கண்ணாடிச் சுவரோடு நிற்கிறது. உள்ளே அவை சட்டமிட்டு மாட்டப்பட்டிருக்கின்றன. கண்ணாடிக்கு வெளியே கழிமுகம்.